சிறைக் கதவும் கல்லூரிக் கதவும்

(சேலம் சிறைத் தியாகிகள் நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1950ஆம் ஆண்டு ஜனவரி 26ந் தேதி இந்தியா குடியரசாயிற்று. பதினாறே நாட்கள் கழிந்தன. பிப்ரவரி 11ந் தேதி, இதே சேலம் மத்திய சிறையின் மதில்களுக்குள்ளே துப்பாக்கிகள் வெடித்தன. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டு விழுந்தனர். அவர்களிலே பெரும்பாலோர் மலபாரின் உழவர்கள். காவும்பாயி போன்ற ஊர்களிலே நிலப்பிரபுக்களை எதிர்த்து நின்ற குற்றத்திற்காகச் சிறைப்பட்டவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால், ஓடி ஒளிய இடமற்ற மனிதர்களைக் குடியரசு சுட்டது. அரசியல் சட்டத்தின் மை உலர்வதற்கு முன்பே சேலத்துச் சிறையின் மண் நனைந்துவிட்டது.

அவர்கள் கேட்டது யாது? அரண்மனையா? அறுசுவை உண்டியா? தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும், மனிதர்களாக மதிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கோரிக்கையை நினைவுகூரும் இந்த நாளிலே, நான் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சிறையிலிருக்கும் மனிதனுக்குப் பல்கலைக்கழகக் கல்வி உண்டா, இல்லையா என்பதே அந்த விஷயம். தியாகிகள் தினத்திலே பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

புத்தகத்திற்காகப் பட்டினி கிடந்தவர்கள்

1929ஆம் ஆண்டு சிறையிலே பகத் சிங்கும் அவருடைய தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். நல்ல உணவுக்கும் நல்ல உடைக்கும் அருகிலேயே மற்றொன்று நிற்கிறது: படிக்கப் புத்தகம் வேண்டும், பத்திரிகை வேண்டும்! அந்தப் போராட்டத்தில் ஜதீன் தாஸ் 63 நாட்கள் பட்டினி கிடந்து, செப்டம்பர் 13ந் தேதி உயிர் நீத்தார். வயிற்றுப் பசியைத் தாங்கி அறிவுப் பசியைக் காப்பாற்ற முற்பட்ட வரலாறு அது.

நமது தமிழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலோட்டிய வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையிலே செக்கிழுத்தார். அதே சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறையிலே ‘மெய்யறம்’ என்னும் நீதி நூலை இயற்றினார். செக்கிழுத்த கையே நூல் எழுதிய கை. 1932ஆம் ஆண்டு சிறை சென்ற ஜீவா, அங்கே பகத் சிங்கின் தோழர் படுகேஸ்வர் தத் முதலியோரைச் சந்தித்தார். காந்தியவாதியாக உள்ளே போனவர், சோஷலிஸ்டாக வெளியே வந்தார். எந்தக் கல்லூரியும் கொடுத்திராத கல்வியைச் சிறை அவருக்குக் கொடுத்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். முசோலினியின் சிறையிலே நோயோடு போராடிய கிராம்சி, முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்களை எழுதி நிரப்பினார். இன்று உலகமெங்கும் அவை பாடநூல்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவிலே, பகலில் சுண்ணாம்புக் கல் உடைத்த கைதிகள், இரவில் அஞ்சல் வழியாகப் பல்கலைக்கழகப் பாடம் படித்தார்கள். மண்டேலாவின் படிப்புரிமையையே தண்டனையாகச் சில ஆண்டுகள் பறித்து வைத்தது வெள்ளையர் ஆட்சி. ஆயினும் 1989ஆம் ஆண்டு, இன்னும் கைதியாக இருக்கும்போதே, அவர் சட்டப் பட்டம் பெற்றார். ஆளுவோருக்குக் கைதியின் கையிலே புத்தகம் இருப்பது ஏன் அச்சம் தருகிறது என்பதை இதனினும் தெளிவாக யார் விளக்க முடியும்?

மற்றக் கைதிகள் யார்?

தோழர்களே! இங்கே ஒரு சங்கடமான கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம்முடைய தியாகிகள், ‘நாங்கள் அரசியல் கைதிகள், கிரிமினல் கைதிகளுக்குரிய இழிவை எங்கள்மீது சுமத்தாதீர்கள்’ என்று போராடினார்கள். அது நியாயமே. ஆனால் பக்கத்துக் கொட்டடியிலே கிடந்த அந்தக் ‘கிரிமினல் கைதி’ யார்? அவனுக்கு அந்த இழிவு தகுமா?

இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளியின் வரலாறே இதற்கு விடை கூறும். 1871ஆம் ஆண்டு வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொரு கொடுமையை இயற்றியது. 1911ஆம் ஆண்டு அது சென்னை மாகாணத்திற்கும் நீட்டப்பட்டது. தாயின் வயிற்றிலிருந்து இறங்கும் குழந்தை திருடன் என்று சட்டமே சொல்லிற்று! கைரேகை, ரிஜிஸ்தர், இரவிலே போலீஸ் நிலையத்தில் ஆஜர் என்று தலைமுறை தலைமுறையாக மக்களை ஆட்டி வைத்தார்கள். இன்றும் தமிழக சர்க்காரின் சீர்மரபினர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். சேலம் மேல்நாட்டுக் கொறவர், சேலம் உப்புக் கொறவர் என்று நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் சமூகங்களை அங்கே காணலாம். உப்பு மூட்டை சுமந்து ஊர் ஊராக வாணிபம் செய்த மக்கள் அவர்கள். ரயில் வந்தது, உப்புச் சட்டம் வந்தது, பிழைப்புப் போயிற்று. பிழைப்புப் போனவர்கள்மீது பழி வந்தது. சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதிலும் 1952லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா?

இன்றைய கணக்கையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள்! சிறையிலிருப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறியாதவர். பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பணமுள்ளவன் ஜாமீனில் வெளியே போகிறான். ஜாமீனுக்கு ஆளில்லாதவன் உள்ளே கிடக்கிறான். பள்ளிக்கூடத்தின் கதவு யாருக்கு மூடப்பட்டதோ, அவனுக்கே சிறையின் கதவு திறக்கிறது. இதுதான் நமது சமுதாய அமைப்பின் இலட்சணம்.

உள்ளே சென்றவனை அங்கேயாவது சமமாக நடத்தினார்களா? சமைப்பதற்கு ஒரு சாதி, கக்கூஸ் கழுவ ஒரு சாதி என்று பல மாநிலங்களின் சிறை விதிகளே எழுதி வைத்திருந்தன. நமது பாளையங்கோட்டைச் சிறையிலே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த வழக்கமும் உச்ச நீதிமன்றம் வரை சென்று சந்தி சிரித்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ந் தேதிதான், சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கிலே, இத்தகைய விதிகள் செல்லாவென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசு பிறந்து எழுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்!

ஆகவேதான் சொல்கிறேன்: நம் தியாகிகள் தங்களுக்குக் கேட்ட மனித மரியாதையை, இன்று எல்லாக் கைதிகளுக்கும் சேர்த்துக் கேட்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி.

நடந்திருப்பது என்ன?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டு தில்லித் திகார்ச் சிறையிலே கல்வி மையம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர் வேறு பல சிறைகளுக்கும் அது பரவியது. கைதிகளுக்குக் கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டது. நமது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறைக்குள்ளே பாடங்களைக் கொண்டு சென்றிருக்கிறது. 2023ஆம் ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று பெயரிட்டு, சிறை நூலகங்களுக்காகச் சிறைத் துறையே பொதுமக்களிடம் புத்தகம் கேட்டு அரங்கு அமைத்தது. வரவேற்கிறோம்.

இந்த வசதிகள் ஒரு மனிதனுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குப் பேரறிவாளன் ஒருவரே போதும். 1991ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதிலே சிறை புகுந்தவர். 1998ஆம் ஆண்டு தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 9ந் தேதி தூக்கிலிடுவது என்று நாளே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் உயிர் தங்கியது. அடுத்த ஆண்டு, 2012இல், வேலூர்ச் சிறையிலிருந்து அவர் மேல்நிலைத் தேர்வு எழுதினார். 1200க்கு 1096 மதிப்பெண்! கழுத்துக்கு மேலே கயிறு ஊசலாடும்போது பாடம் படித்த மாணவன் வேறெங்கே உண்டு? திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியே கணினிப் பட்டமும், முதுகலைப் பட்டமும் பெற்றார். 2022 மே 18ந் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, எடுத்துக்காட்டிய காரணங்களுள் அவர் சிறையில் பெற்ற கல்வித் தகுதியும் ஒன்று.

ஆனால், தோழர்களே, ஒரு பேரறிவாளனைக் காட்டிச் சர்க்கார் தோளைத் தட்டிக்கொள்ள முடியாது. அவருக்குப் பின்னே அற்புதம்மாள் என்னும் தாய் இருந்தார், தமிழகமே இருந்தது. இராசிபுரத்துப் பக்கத்திலிருந்து பிடித்து வரப்பட்ட, கேட்பாரற்ற ஓர் இளைஞனுக்குப் பின்னே யார் இருக்கிறார்கள்?

அவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். படிக்க வேண்டுமென்று விரும்புகிறான். முதலில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். மதிப்பெண் சான்றிதழ் கேட்பார்கள். அவை எங்கோ ஒரு கிராமப் பள்ளியின் பீரோவிலே உறங்குகின்றன. மனுப் பார்க்க வரும் தாய்க்கு அதை வாங்கும் வழி தெரியாது. ஒரு நாள் கூலியை இழந்து அலையவும் முடியாது. எப்படியோ சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். தேர்வுக்கு முன்பு வேறு சிறைக்கு மாற்றிவிடுகிறார்கள். புத்தகம் ஒரு சிறையில், மாணவன் ஒரு சிறையில். தேர்வு மையம் வெளியே என்றால் வழிக்காவலுக்குப் போலீஸ் வேண்டும். மந்திரி ஊர்வலத்திற்குப் போன போலீஸ் வந்தால்தானே தேர்வு? விசாரணைக் கைதியோ, நாளை ஜாமீன் வருமோ, அடுத்த ஆண்டு வருமோ என்று தெரியாத நிலையிலே, ‘இவனுக்கெதற்குப் படிப்பு’ என்று கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை. பெண் கைதிகளோ தொகையில் குறைவு; அந்தக் குறைவையே காரணம் காட்டி வசதியையும் குறைத்துவிடுவது அதிகார வர்க்கத்தின் வாடிக்கை.

இன்னுமொரு வஞ்சனையும் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரே பெறும் திறந்தநிலைப் பட்டத்துக்கு வேலைவாய்ப்புச் சந்தையிலே மதிப்பில்லை. படிப்படியாகப் பெறாத பட்டம் செல்லாது என்று 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஆகவே அவசரப் பட்டங்களைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் பயனில்லை. எழுத்தறிவிலிருந்து எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பிறகு பல்கலைக்கழகம் என்று ஏணியின் எல்லாப் படிகளும் சிறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள்

இதைப் பற்றிப் பள்ளிபாளையத்தில் ஒரு கிளைக் கூட்டத்திலே நான் பேசியபோது, விசைத்தறித் தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: ‘பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டியும் என் மகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. திருடனுக்கு இலவசப் பட்டமா? அப்படியானால் நானும் திருடிவிட்டு உள்ளே போகட்டுமா?’

நியாயமான கோபம். அதை நாம் உதாசீனம் செய்யலாகாது. ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது? அந்தப் பெண்ணின் படிப்புக்குரிய பணத்தைக் கைதி தின்றுவிட்டானா? கல்வியைக் கடைச்சரக்காக்கி விலை வைத்தவர்கள் யார்? சமவெளியெங்கும் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் கட்டணத்தை நிர்ணயிப்பது கைதியா? இலவசக் கல்வி வெளியேயும் வேண்டும், உள்ளேயும் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஏழையையும் ஏழையையும் மோத விட்டு வேடிக்கை பார்ப்பது அமெரிக்காவில் முன்பே நடந்த நாடகம். ‘உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இல்லாத உதவி கைதிக்கு ஏன்?’ என்று கூறி, 1994ஆம் ஆண்டு அங்கே கைதிகளுக்கான கல்லூரி நிதியுதவியை நிறுத்தினார்கள். சிறைக் கல்லூரிகள் மூடப்பட்டன. உழைப்பாளியின் பிள்ளைக்குக் கட்டணம் குறைந்ததா? இல்லை. 2013ஆம் ஆண்டு ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று அறிவித்தது. கடைசியில் 2023ஆம் ஆண்டு அந்த நிதியுதவியை மீண்டும் திறந்துவிட்டார்கள். இடையிலே வீணானது ஒரு தலைமுறை.

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. அதைக் கேட்டவர் தாழ்த்தப்பட்ட குடும்பத்திலே பிறந்த ஓர் இளந்தோழர். ‘2015ஆம் ஆண்டு நம் நாமக்கல் மாவட்டத்திலே, பொறியியல் படித்த கோகுல்ராஜைச் சாதி வெறியர்கள் கொன்று தண்டவாளத்திலே போட்டார்கள். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. படித்தவனைக் கொன்றவர்களுக்கும் நீங்கள் படிப்புக் கேட்கிறீர்களா?’

தோழர்களே, இந்தக் கேள்விக்கு முன்னால் நான் சில நிமிடங்கள் வாயடைத்து நின்றேன். நன்கு சிந்தித்த பிறகு என் விடை இதுதான்.

ஆம், அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஏனெனில், கல்வியை நல்லவனுக்குத் தரும் பரிசு என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், யார் நல்லவன் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சிறை அதிகாரியின் கைக்குப் போய்விடும். அந்த அதிகாரம் முதலில் பாய்வது பணபலமும் சாதிபலமும் உள்ளவன்மீது அல்ல, நாதியற்றவன்மீதுதான். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். கல்வி வேறு, விடுதலை வேறு. பட்டத்தைக் காட்டிச் சாதிக் கொலைக்குத் தண்டனைக் குறைப்பு வாங்கும் வியாபாரத்தை நாம் ஒருக்காலும் அனுமதியோம். அவர்கள் படிக்கட்டும், சமத்துவத்தையும் அரசியல் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். சாதி பார்க்காமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கட்டும். தண்டனையையும் முழுமையாக அனுபவிக்கட்டும். கோகுல்ராஜின் தாய்க்கு நாம் பட்டிருக்கும் கடனை இந்தக் கோரிக்கை ஒரு தம்பிடியும் குறைத்துவிடாது. குறைக்க நாம் விடமாட்டோம்.

சட்டம் நம் பக்கம்

இது தயவு கேட்கும் பிரச்னை அன்று, உரிமைப் பிரச்னை. 1965ஆம் ஆண்டு, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பம்பாய்ச் சிறையில் அடைபட்டிருந்த தோழர் பிரபாகர் சன்ஸ்கிரி, அணுவைப் பற்றி மராத்தியிலே ஒரு விஞ்ஞான நூல் எழுதினார். அதை அச்சிட வெளியே அனுப்பக் கூடாது என்றது சர்க்கார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சட்டம் குறிப்பாகப் பறிக்காத உரிமையை அதிகாரி தன் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. 2023ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், ஆயுள் கைதிகள் இருவர் சிறையிலிருந்தபடியே இணைய வழியில் சட்டக் கல்லூரி வகுப்பிலே சேர அனுமதித்தது. கேரளத்தில் முடிவது தமிழகத்தில் முடியாதா?

சிறைத் துறை மாநில சர்க்காரின் அதிகாரத்திற்குட்பட்டது. தில்லியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இதிலே இடமில்லை. இதே சேலத்தில், பெரியாரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் 1997 முதல் கருப்பூரிலே நிற்கிறது. அதற்கும் இந்த மத்திய சிறைக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. படிப்பு மறுக்கப்பட்டவனுக்குப் படிப்புக் கேட்டவரின் பெயரை வைத்துக்கொண்டு அந்தச் சில மைல்களைக் கடக்க முடியாதென்றால், பெயர்ப்பலகைக்கு என்ன பொருள்?

ஆகவே நாம் கோருவது இது. விசாரணைக் கைதியும் விரும்பினால் சேர்ந்து படிக்க வேண்டும். ஜாமீனில் வெளியே சென்றாலும் அதே பதிவிலே படிப்பைத் தொடர வேண்டும். படிக்கும் கைதியைத் தேர்வு முடியும் வரை வேறு சிறைக்கு மாற்றலாகாது. தேர்வு மையம் சிறைக்குள்ளேயே அமைய வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்காமல் பாடம் நடத்த வேண்டும். பாடப் புத்தகத்தோடு ஆசிரியரும் வர வேண்டும். மத்திய சிறையோடு நில்லாமல், நாமக்கல் போன்ற கிளைச் சிறைகளுக்கும், பெண்கள் சிறைக்கும் இது எட்ட வேண்டும். விடுதலையாகி வருபவன் பட்டத்தோடு தெருவிலே நிற்காதபடி வேலைக்கு வழி செய்ய வேண்டும்.

சர்க்காரிடம் கோரிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. நமது ஆசிரியர் சங்கத் தோழர்கள் வாரம் ஒரு நாள் பாடம் நடத்த முன்வந்து மனுக் கொடுக்கட்டும். மாணவர் தோழர்கள் பாடப் புத்தகங்களைத் திரட்டட்டும். வழக்கறிஞர் தோழர்கள் படிக்கும் விசாரணைக் கைதிகளின் ஜாமீன் மனுக்களை முன்னெடுக்கட்டும். கிளைத் தோழர்களுக்கு இன்னும் எளிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரிலே சிறை சென்ற ஒருவனின் குடும்பம் இருக்கும். ஊரார் அந்த வீட்டு வாசலை மிதிக்கத் தயங்குவார்கள். நீங்கள் செல்லுங்கள். அவன் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தான் என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். அந்தப் பள்ளிக்குப் போய், சான்றிதழை வாங்கி, சிறைக்கு அனுப்பி வையுங்கள். ஒரு தாள்தான். ஆனால் சிறைக்கதவின் இடுக்கிலே நுழையக்கூடிய தாள்.

தோழர்களே! 22 பேர் விழுந்த இடம் இங்கிருந்து தொலைவிலில்லை. உள்ளே கிடப்பவனும் மனிதன் என்று சொல்லி அவர்கள் உயிர் கொடுத்தார்கள். அதே மதிலுக்குள்ளே இன்றும் படிக்க விரும்பும் ஒருவன் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறான். வீரவணக்கம் முழங்கிவிட்டு வீடு திரும்பும் நாம், நாளைக் காலையிலே அவனுடைய பள்ளிக்கூடத்தைத் தேடிப் புறப்பட வேண்டும்.

வாழ்க சேலம் சிறைத் தியாகிகள்! சிறைக்குள்ளும் ஓங்குக கல்வி!